வடக்கு மூலையில் சொன்ன செபம்

சிலுவைத்துறைப் பேராலயத்தின் கோயில்பிள்ளை சந்தியாகு, விடியும் முன்பே தரையில் குந்தி வௌவால் எச்சத்தைச் சுரண்டுவார். ஒரு கல்லுக்கு ஒரு மங்கள வார்த்தை செபம். பூசை முடிந்ததும் சட்டையை மாற்றிக்கொண்டு, கோயிலைப் பார்க்க வருகிறவர்களைச் சுற்றிக் காட்டுவார்.

"மேல பாருங்க. உத்தரம் கிடையாது, இரும்பு கிடையாது. வெறும் செங்கலும் சுண்ணாம்பும்" என்பார். பிறகு அவர்களைத் தெற்கு மூலையில் நிறுத்திவிட்டு, தாம் வடக்கு மூலைக்குப் போய், சுவரில் வாய் வைத்து மெல்லச் செபிப்பார். அவர் குரல் வளைவில் ஏறி இறங்கி அவர்கள் காதோரம் கேட்கும்.

கடைசியாகத் தரையில் ஓடும் கறுத்த கோட்டைக் காட்டுவார்.

"இங்கன ஒரு சுவரு இருந்திச்சு. தெக்க மேல்சாதி, வடக்க எங்க ஆளுக. இடிச்சு நூறு வருசமாச்சு. செருப்பில்லாத காலால இதத் தாண்டிட்டுப் போங்க."

அந்தச் சொல்லுக்காக அவர் பட்டது கொஞ்சமல்ல. தெற்குத் தெருக்காரர்கள் அவருடைய குடிசையைக் கொளுத்தினார்கள். கல்லெறிந்து முன்பற்கள் இரண்டை உடைத்தார்கள். சந்தியாகு இரத்தத்தைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு, மறுநாளும் கோட்டருகே நின்றார்.

தெற்குத் தெரு கஸ்பாரின் மகளுக்குச் சம்பந்தம் கூடி வந்தது. மாப்பிள்ளை வீட்டார் கோயில் பார்க்க வந்த காலையில், கஸ்பார் சந்தியாகுவை வாசலில் மறித்தார்.

"வளைவக் காட்டு, மணியக் காட்டு. கோட்டப் பத்தி வாயத் தொறந்தே, மிச்சப் பல்லும் இருக்காது வே."

"கோயில முழுசாத்தான் காட்டணும் முதலாளி. பாதியக் காட்டத் தெரியாது."

காட்டினார். மாப்பிள்ளையின் தாய் செருப்பைக் கழற்றிவிட்டுக் கோட்டைத் தாண்டினார். அவரைத் தொடர்ந்து எல்லோரும் தாண்டினார்கள். கஸ்பார் மட்டும் தொடக்கத்திலிருந்தே தெற்கு வாசலை விட்டு நகரவில்லை.

நண்பகல் மணி அடித்துக் கோயில் ஒழிந்ததும், கஸ்பார் இரண்டு ஆட்களோடு திரும்பி வந்தார். அன்றுதான் முதல்முறையாகக் கோட்டைத் தாண்டினார். ஒருவர் காதிலும் விழாதென்று சந்தியாகுவை வடக்கு மூலைக்கு இழுத்துச் சென்றார். கஸ்பார் குடும்பத்தில் எவரும் அந்தப் பக்கம் கால் வைத்ததில்லை. அந்த மூலையின் குணம் அவருக்குத் தெரியாது.

ஆட்கள் இருவரும் பிடித்துக்கொள்ள, கஸ்பாரின் இரும்புக் கம்பி முதலில் முழங்காலில் விழுந்தது. பிறகு விலாவில். எலும்பு முறியும் சத்தம் கேட்டது. மூன்றாம் அடியில் இடது கண் போயிற்று. நான்காம் அடி தவறிச் சுவரில் பட, கஸ்பாரின் மணிக்கட்டு பிசகியது. அவர் கம்பியை மறு கைக்கு மாற்றினார். சந்தியாகு இரத்தம் வழியும் முகத்தைச் சுவரில் சாய்த்து முணுமுணுத்தார்.

தெற்கு மூலைத் தூண் மறைவில் கஸ்பாரின் தாய் பெர்னத்தம்மாள் முழங்காலிட்டுச் செபமாலை உருட்டிக்கொண்டிருந்தார். எண்பது வயது. அவர் காதருகே யாரோ பேசினார்கள்.

"ஆண்டவரே, கஸ்பாருக்கு மணிக்கட்டு பிசகிருச்சு. வலிக்கும். அத மொதல்ல பாரும்."

கூடவே அடி விழும் சத்தமும் கேட்டது. பெர்னத்தம்மாள் எழுந்தார். பிறந்ததிலிருந்து தாண்டாத கோட்டை வெறுங்காலால் தாண்டினார். நேரே போய்ச் சந்தியாகுவின் மேல் குனிந்து, ஓங்கிய கம்பிக்கு முதுகைக் கொடுத்தார்.

"இப்ப அடிலே."

கம்பி கீழே விழுந்தது.

"ஒன் கைக்கு வேண்டுதாரு இந்த மனுசன். என் காதுல கேட்டுச்சுலே. தூக்கு."

கஸ்பார் வீங்கிய கையோடு சந்தியாகுவைத் தூக்கி, ஆஸ்பத்திரிக்கு வண்டியில் ஏற்றினார்.

நான்கு மாதம் கழித்து, ஊன்றுகோலோடும் ஒற்றைக் கண்ணோடும் சந்தியாகு மறுபடி கோட்டருகே வந்து நின்றார். அவர் சொல்லி முடித்ததும், வந்தவர்களுக்கு முன்னே வெறுங்காலோடு தாண்டியவர் பெர்னத்தம்மாள்.

சுவரில் சொன்னதை எதிர் மூலைக்குக் கொண்டுபோவது வளைவின் வேலை. அந்த வேளையில் அந்தத் தாயை அங்கே முழங்காலிட வைத்தது யாருடைய வேலை என்று சிலுவைத்துறையில் ஒருவரும் கேட்பதில்லை. அடித்தவன் கைக்காக முதலில் வேண்டிய கோயில்பிள்ளை சந்தியாகுவின் பாதங்களுக்கு வணக்கம்.