நெற்று கட்டிய கீரி

பெண்மயிலின் முட்டை ஒன்றைத் தின்ற குற்றத்துக்காகக் கீரி முப்பது நாள் குகைச் சிறையில் கிடந்தது. தண்டனை முடிந்த காலையில், தன் இரண்டு குட்டிகளை நினைத்துக்கொண்டு துள்ளி வெளியே வந்தது.

வாசலில் நின்ற மருத மரத்தில் காட்டுக் கணக்கரான மரங்கொத்தி உட்கார்ந்திருந்தது.

"எங்கே ஓடுகிறாய்? குகை வாடகையை யார் கட்டுவது? நாளுக்கு ஓர் எலி. மொத்தம் முப்பது!"

"வாடகைக்கு இடம் வேண்டும் என்று நானா கேட்டேன்? நீங்கள்தானே ஐயா பிடித்துப் போட்டீர்கள்!"

"சட்டம் அப்படி. கட்டி முடிக்கும்வரை இதைக் கழற்றக் கூடாது."

மரங்கொத்தி விதைகள் குலுங்கும் காய்ந்த வாகை நெற்று ஒன்றைக் கொடியில் கோத்துக் கீரியின் கழுத்தில் கட்டியது. பிறகு கடனுக்கு அடையாளமாக மரத்தில் முப்பது துளைகள் போட்டது.

கீரி நடந்தால் நெற்று கலகலத்தது. ஓடினால் இன்னும் கலகலத்தது. எலிகள் வளைக்குள் இருந்தபடியே சிரித்தன.

"அண்ணன் வருகிறார், வழி விடுங்கடா!"

நான்கு நாளாக ஓர் எலிகூடச் சிக்கவில்லை. தாமதத்துக்கென்று நாளுக்கு ஒரு துளை கூடியது. சின்னக் குட்டி எழுந்து நிற்கவும் முடியாமல் கிடந்தது.

ஐந்தாம் நாள் கீரி யோசித்தது. சத்தம் கேட்டாலும் ஓடாத உணவு ஒன்றுதான் இருக்கிறது. அதற்குக் கால் கிடையாது.

புதருக்குள் மயில் அடைகாத்துக்கொண்டிருந்தது. கலகல சத்தம் நெருங்கி வந்தது.

"மறுபடியும் நீயா! வெட்கமாக இல்லை?"

"இருக்கிறது. ஆனால் குட்டி சாகக் கிடக்கிறது. எலி பிடிக்கலாம் என்றால் இந்த நெற்று விடமாட்டேன் என்கிறது."

மயில் நெற்றைப் பார்த்தது. தன் முட்டைகளைப் பார்த்தது.

"நட, நீதிபதியிடம் போகலாம்!"

நீதிபதி கரடியின் முன் மயில்தான் முதலில் பேசியது. "ஐயா, இவன் என் பிள்ளையைத் தின்றவன். இவன்மேல் எனக்கு இரக்கம் கிடையாது. ஆனால் இந்த நெற்றைக் கழற்றுங்கள்! இது இவனை என் கூட்டுக்குத்தான் விரட்டுகிறது."

"அப்படியானால் முப்பத்து நான்கு எலிகள்?" என்று பதறியது மரங்கொத்தி.

"இதுவரை எத்தனை வந்தன?" என்று கேட்டது கரடி.

"ஒன்றும் வரவில்லை."

"இவனுக்கு முன்னால் விடுதலையானவர்கள் கட்டினார்களா?"

மரங்கொத்தி குரலைத் தாழ்த்தியது. "இல்லை. பாதிப் பேர் மறுபடியும் உள்ளேதான் இருக்கிறார்கள்."

கரடி கீரியின் கழுத்தில் தொங்கிய நெற்றைத் தொட்டுப் பார்த்தது.

"முப்பது நாள் என்றுதான் தீர்ப்புச் சொன்னேன். முப்பத்தோராம் நாளையும் நான்தான் பறித்தேனா?"

கரடி கொடியைத் தன் பல்லாலேயே கடித்து அறுத்தது. குகை வாடகையும் அன்றோடு ஒழிந்தது.

அன்று மாலை புதரோரம் ஓர் எலி "கீச்!" என்றது. சின்னக் குட்டி வயிறு நிறையத் தின்றது. மயில் மட்டும் முட்டைகளை விட்டு எழவே இல்லை.

தண்டனையை முடித்து வந்தவனை மறுபடியும் கட்டிப்போட்டால், பழைய குற்றத்தைத் தவிர வேறு வழி அவனுக்கு இருக்காது.