ஊர்வலத்தை நிறுத்திய ‘இ’

எந்தக் காலம் என்று கேட்காதீர்கள், மருதங்காட்டு நாட்டைக் கனகசேகரன் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனுஷர்தான், ஆனால் ஊர்வலப் பைத்தியம். புதுச் செருப்புப் போட்டால் ஊர்வலம், பல்வலி நின்றால் ஊர்வலம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் தெருவுக்கு வந்து பூப் போட வேண்டும். அவர்களை வரவழைப்பதற்கென்றே வைரவநாதர் என்று ஓர் அதிகாரி இருந்தார்.

ஒரு நாள் ராஜாவுக்குப் பிள்ளைகளின் படிப்பைப் பற்றி நினைப்பு வந்தது. பிள்ளைகளையும் பெற்றவர்களையும் அவைக்கு அழைத்து, பொன்னாத்தாளின் மகள் அம்சவல்லியை எழுத்துகளைச் சொல்லச் சொன்னார்.

“அ, ஆ...” அதோடு நின்றுவிட்டாள் அவள்.

“ஒரு வருஷத்துக்கு இரண்டே எழுத்தா?”

“இதுகள் மண்டையில் ஏறாது மகாராஜா,” என்றார் வைரவநாதர். “பள்ளிக்கூடத்தை மூடிவிட்டால் நம் ஊர்வலக் குடைகளை அடுக்க இடம் கிடைக்கும்.”

ராஜா தலையாட்டினார். பொன்னாத்தாள் முன்னால் வந்தாள். தனக்குத்தான் எழுத்து வாய்க்கவில்லை, மகளுக்காவது வாய்க்காதா என்று ஏங்கியவள் அவள். வாத்தியார் ‘இ’க்கு வாயைத் திறக்கும்போதெல்லாம் ஊர்வல முரசு கேட்கும், பிள்ளைகள் தெருவுக்கு ஓடிவிடும். இதை ராஜாவின் முகத்துக்கு நேரே சொல்ல முடியுமா?

“மகாராஜா, நாளைக்கு ஒரே ஒரு நாள், பாடத்தை யாரும் நடுவில் நிறுத்தக்கூடாது என்று ஆணை போடுங்கள். அப்புறமும் ‘ஆ’விலேயே நின்றால் மூடிவிடுங்கள்.”

“இவ்வளவுதானா? போட்டேன் ஆணை!”

மறுநாளும் முரசு கொட்டியது. ராஜாவின் மீசைக்குப் புது எண்ணெய் வந்திருந்ததாம். பிள்ளைகள் வழக்கம்போலத் தெருவுக்கு ஓடினார்கள். பின்னாலேயே மணல் கூடையோடு பொன்னாத்தாள், அவளுக்குப் பின்னால் வாத்தியார். நடுத்தெருவில் மணலைப் பரப்பி, பிள்ளைகளை உட்காரவைத்து, பாடம் தொடங்கியது.

யானை வந்தது, நின்றது.

“ஏனப்பா நிறுத்தினாய்?” என்றார் ராஜா.

“கீழே எழுத்து கிடக்குது சாமி,” என்றான் பாகன். “கண்ணில் ஒற்றிக்கொள்கிற சமாசாரத்தை மிதிக்கலாமா?”

வைரவநாதர் பாய்ந்து வந்தார். “வாத்தியாரே, நிறுத்தும்!”

“பார்த்துப் பேசுங்க ஐயா,” என்றாள் பொன்னாத்தாள். “பாடத்தை நிறுத்தினால் ராஜா ஆணையை மீறினதாகும்.”

“பிள்ளைகள் தெருவில் இருக்க வேண்டும் என்பதும் ராஜா ஆணைதான்!”

“தெருவில்தானே இருக்குதுங்க?”

வெயில் ஏற ஏற, ராஜாவின் மீசை எண்ணெய் தாடைக்கு வழிந்தது. மணலில் இ, ஈ, உ என்று எழுத்து வளர்ந்துகொண்டே போயிற்று. அம்சவல்லி ‘ஊ’வையும் எழுதிவிட்டு நிமிர்ந்தாள். “வாத்தியாரே, ‘ஆ’வுக்கு அப்புறம் இத்தனை இருக்குதா? சொல்லவேயில்லையே!”

ராஜாவுக்கு உறைத்தது. “அப்படியானால் இத்தனை நாளும் படிப்பைக் கெடுத்தது நானா?”

“ஐயோ, நான் அப்படிச் சொல்வேனா மகாராஜா?” என்றாள் பொன்னாத்தாள். “ எல்லாம் இந்த யானையால் வந்தது. அதுதான் பிள்ளைகள் பூப் போடாமல் நடக்க மாட்டேன் என்கிறது!”

ராஜா யானையே குலுங்கும்படி சிரித்தார். கழுத்து முத்துமாலையைக் கழற்றிப் பொன்னாத்தாளுக்குக் கொடுத்தார். இனி எந்த ஊர்வலத்துக்கும் பிள்ளைகளைக் கூப்பிடக்கூடாது என்று அங்கேயே ஆணையும் போட்டார்.

“அப்படியானால் பூ யார் போடுவது மகாராஜா?” என்று பதறினார் வைரவநாதர்.

அடுத்த ஊர்வலத்தில் அது தெரிந்தது. இடுப்பில் பூக்கூடையோடு வைரவநாதர் இடப்பக்கம் ஓடி ஒரு கை பூ வீசுவார், மூச்சு வாங்க வலப்பக்கம் ஓடி ஒரு கை வீசுவார். மேலேயிருந்து ராஜாவின் குரல் வரும்:

“வைரவநாதரே, இந்தப் பக்கம் கொஞ்சம் குறையுதே!”