ஒரு நிமிஷம் பேசாதீங்க

“இருபத்திரண்டு வருஷம் பேசியிருக்கேன். ஒருத்தனும் கேக்கல.”

காலையிலிருந்து திரவியம் இதைச் சொல்வது ஆறாவது முறை. வானொலிக்காக ஒன்பது நாடுகளிலிருந்து செய்தி அனுப்பியவர். மௌனம் பழக வேண்டும் என்று இந்த மலையடி மடத்துக்கு வந்து நான்கு நாள் ஆகிறது. வாய் மூடியபாடில்லை.

உலகம்மை அம்மா முறத்தில் அரிசியை வைத்துக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். மடத்தின் குரு அவர்தான். திரவியத்தைவிடப் பதினைந்து வயது இளையவர்.

“யாரு கேக்கல?”

“யாருமேதான். குண்டு விழுற ஊர்ல நின்னு பேசுறேன். இங்க வீட்ல ரேடியோ சத்தத்தைக் குறைங்கிறாங்க. சொந்த ஊர்க்காரன் என்னைப் பாத்து, இப்ப எந்தக் கம்பெனியில இருக்கீகன்னு கேக்கான். ஆபீஸ்ல தர்றதே ஒன்றரை நிமிஷம். அதுலயும் பாதி மந்திரிக்குப் போயிடும்.”

“சரி.”

“கடைசியா இருந்த நாட்டுக்கே திரும்பப் போறீங்களா, வேலையை விடுறீங்களான்னு வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லணுமாம். விடுறேன்னு எழுதி வச்சிட்டேன். நீங்க ஒரு வார்த்தை சொன்னா அனுப்பிடுவேன்.”

அம்மா ஒரு கல்லை எடுத்து வெளியே எறிந்தார்.

திரவியத்துக்கு எரிச்சலாக வந்தது. இதற்கா மூன்று பஸ் மாறி வந்தோம்?

“அந்தப் பையில என்ன?”

“ரெக்கார்டர்மா. பழக்கதோஷம்.”

“அதுல என்ன இருக்கு?”

“பேட்டியெல்லாம் அழிச்சாச்சு. மிச்சம் வெறும் அமைதிதான்.”

அம்மா நிமிர்ந்து பார்த்தார். திரவியம் விளக்கினார். பேட்டி முடிந்ததும், அங்கே இருப்பவர்களை ஒரு நிமிஷம் பேசாமல் இருக்கச் சொல்லி அந்த அமைதியையும் பதிவு செய்வது வழக்கம். பேச்சை வெட்டி ஒட்டும்போது நடுவில் அதை வைத்தால் ஒட்டுத் தெரியாது.

“ஒன்பது நாட்டு அமைதியைப் பையில வச்சுக்கிட்டா எங்கிட்ட வந்து கேக்கீங்க?”

“அது தொழிலும்மா. மௌனம் இல்ல.”

“கடைசியா எடுத்ததைப் போடுங்க.”

போட்டார். ஜெனரேட்டர் உறுமியது. தூரத்தில் ஒரு லாரி போனது. ஒரு இருமல் கேட்டு, பாதியில் நின்றது.

திரவியம் நிறுத்திவிட்டார். “இது கெட்டுப்போன பதிவும்மா. வேற போடுறேன்.”

“இருமுனது யாரு?”

“அகதி முகாம்ல ஒரு பிள்ளை. சுலைகான்னு பேரு. ஆறு வயசு.”

“ஏன் பாதியில நின்னுச்சு?”

“அவ அம்மா வாயைப் பொத்திட்டா.” ரெக்கார்டரைப் பார்த்தபடி, “நான்தான் யாரும் பேசக்கூடாதுன்னு சொல்லியிருந்தேன்” என்றார்.

“எத்தனை பேர் இருந்தாங்க?”

“கூடாரத்துல இருபது பேர் இருக்கும்.”

“இருபது பேரும் பேசலையா?”

“மூச்சு விடல.”

“எதுக்காக?”

“அவங்க கதை ரேடியோவுல வரும்னு சொல்லியிருந்தேன்.”

“வந்துச்சா?”

“அன்னைக்கு மந்திரி பேசினாரும்மா.”

அம்மா முறத்தைக் கீழே வைத்தார். “முழுசாப் போடுங்க.”

இந்த முறை திரவியமும் கேட்டார். பொத்திய கைக்குள்ளே அந்தப் பிள்ளை இன்னும் நான்கு முறை இருமியது. ஒவ்வொரு தடவையும் அடக்கப் பார்த்தது. எட்டு மாதமாக இது அவர் பையில்தான் இருந்திருக்கிறது.

அவமானமாக இருந்தது. அன்று முழுக்க அவர் வாய் திறக்கவில்லை. பழகுவதற்காக அல்ல.

வெள்ளிக்கிழமை காலை பையோடு மடத்து வாசலில் நின்றார்.

“ஆபீஸுக்கு எழுதியாச்சா?” என்றார் அம்மா.

“மாத்தி எழுதிட்டேன்.”

“என்னன்னு?”

“அந்தப் பிள்ளைக்கு இருமல் நின்னுச்சான்னு பாக்கணும், டிக்கெட் போடுங்கன்னு.”