நாலு காற்றாலையும் ஒரு கண்ணாடியும்

கணவாய்க் காட்டில் ஒரு குளம் இருந்தது. கோடையில் அது வற்றிவிடாமல் இருக்க, பாறைக் கிணற்றில் மோட்டார் வைத்துத் தண்ணீர் இறைத்தார்கள். மோட்டாருக்கு மின்சாரம் தந்தவை மலைமேல் வரிசையாக நின்ற நாலு காற்றாலைகள். அவற்றை அங்கே நட்டவர் நெட்டைவால் குரங்கார். அந்தப் பெருமையில் அவருக்குத் தலைகால் புரியவில்லை.

காற்றாலைகளோடு, வெயிலில் மின்சாரம் தரும் ஒரு சூரியத் தகடும் வந்திருந்தது. குரங்கார் அதை மாமரத்தில் மாட்டி, முகம் பார்க்கும் கண்ணாடி ஆக்கிக்கொண்டார்!

அந்தக் கோடையில் கெண்டை மீன் குஞ்சு பொரித்திருந்தது. "மோட்டார் நின்றால் என் பிள்ளைகள் பிழைக்குமா அண்ணே?" என்று அது குரங்காரிடம் பயந்து கேட்டது.

"எப்படி நிற்கும்? ஒன்று நின்றால் மூன்று சுற்றும். மூன்று நின்றாலும் ஒன்று சுற்றும்! நாலும் ஒரே நேரத்தில் நிற்குமா என்ன? அவசரத்துக்கென்று மேட்டுத் தொட்டியில் சேமித்த தண்ணீர்கூட இனி வேண்டாம். எருமைகள் அதில் புரளட்டும்!" என்றார் குரங்கார்.

எருமைகளுக்குக் கொண்டாட்டம். தொட்டி அன்றைக்கே சேறாகிவிட்டது.

நாள் முழுக்கக் காற்றிலேயே பறக்கும் தகைவிலான் குருவி இதைக் கேட்டுக் கீழே இறங்கியது.

"குரங்காரே, கணக்குத் தப்பு! பழுதானால் ஒன்றுதான் நிற்கும். காற்று ஓய்ந்து விழுந்தால் நாலும் சேர்ந்து நிற்கும். நாலுக்கும் காற்று ஒன்றுதானே! ஆனால் இந்தக் காட்டில் காற்று விழுகிற பகலில் வெயில் கொளுத்தும். அந்தத் தகட்டை மோட்டாரோடு இணையுங்கள்!"

"ஒரு காற்றாலையில் பாதித் தெம்புகூட இதற்கு இல்லை! போய் உன் வேலையைப் பார்!"

அந்த வாரமே ஒருநாள் காலையில் காற்று விழுந்தது. நாலு காற்றாலையும் ஒன்றாக நின்றன. உச்சிவேளைக்குள் குளம் குட்டையாகி, குஞ்சுகள் வாயைத் திறந்து தவித்தன. கெண்டை கதறி அழுதது.

குரங்கார் மலைமேல் ஓடிப்போய்க் காற்றாலைகளின் இறக்கைகளைக் கையால் தள்ளினார். இரண்டாவதைத் தள்ளுவதற்குள் முதலாவது நின்றது. தொட்டிக்கு ஓடினார். அங்கே சேறும் எருமைகளும்தான் இருந்தன.

"வானத்தைப் பாருங்கள்! ஒரு மேகம் உண்டா? தகட்டைக் கழற்றுங்கள்!" என்று கத்தியது குருவி.

குரங்கார் கடைசியாக ஒருமுறை தம் முகத்தைப் பார்த்துக்கொண்டார். பிறகு தகட்டை முதுகில் சுமந்து வந்து மோட்டாரோடு இணைத்தார். மோட்டார் இருமியது, செருமியது, ஓடியது! சுண்டுவிரல் பருமனுக்குத்தான் தண்ணீர் வந்தது. ஆனாலும் குஞ்சுகளுக்கு உயிர் வந்தது. பொழுது சாயும்போது காற்றும் திரும்பிவிட்டது.

"இனி முகம் பார்க்க என்ன செய்வீர்கள் அண்ணே?" என்று சிரித்தது கெண்டை.

"குளம் நிறையட்டும், அதிலேயே பார்த்துக்கொள்கிறேன்!" என்றார் குரங்கார்.

சேர்ந்து விழக்கூடிய துணைகள் எத்தனை இருந்தாலும் அவை ஒன்றுக்கே சமம். அவை விழும் வேளையில் எழுந்து நிற்கும் துணையைத் தேடி வைத்துக்கொள்பவரே புத்திசாலி.