ஓட்டுநர் இல்லாத வண்டியும் பனம்பழமும்

பனங்காடு ஒன்றில் ஆமை, நரி, மந்தி, கலைமான் நான்கும் நட்பாக வாழ்ந்தன. காட்டுக்கும் குளத்துக்கும் நடுவே ஒரு தார்ச்சாலை. தண்ணீருக்குப் போக அதைக் கடந்தே ஆகவேண்டும். மந்தி ஆலமரக் கிளையில் காவல் இருக்கும். வண்டி வந்தால் கத்தும்.

ஒருநாள் காலை, ஓட்டுநரே இல்லாத கார் ஒன்று வந்தது. குறுக்கே நின்ற கலைமானைக் கண்டதும் பத்தடி தள்ளியே நின்றது!

"பார்த்தீர்களா!" என்று நரி துள்ளியது. "இதற்குத் தூக்கம் இல்லை, குடி இல்லை, கோபம் இல்லை! இனிச் சாலை முழுக்க இந்த வண்டிகள்தானாம். மந்தியாரே, இறங்கி வாரும்! காவல் எதற்கு?"

மந்தி சந்தோஷமாக இறங்கியது. ஆமை மட்டும் சாலையையே பார்த்தபடி நின்றது.

"என்ன ஆமையாரே, முகம் வாடிவிட்டது?" என்றது நரி.

"பழைய நினைப்பு," என்றது ஆமை. "ஒரு மழைக்காலத்தில் நடுச்சாலையில் மாட்டிக்கொண்டேன். லாரி ஒன்று வந்து நின்றது. 'பேச்சிமுத்தண்ணே, நேரமாச்சு!' என்று உள்ளேயிருந்து ஒருவர் கத்தினார். 'இருப்பா, பாவம், அதுவும் தண்ணிக்குப் போகணும்ல!' என்று ஓட்டுநர் இறங்கி வந்தார். இரண்டு கையாலும் என்னைத் தூக்கிக் குளக்கரையில் விட்டார். அந்தக் கையின் சூடு இன்னும் என் ஓட்டில் இருக்கிறது."

நரி சாலையின் வளைவைத் திரும்பிப் பார்த்தது. "என் அம்மாவை அடித்ததும் ஓர் ஓட்டுநர்தான். தூங்கிவிட்டாராம்."

"மறப்பேனா! உன் அம்மா என் தோழி அல்லவா? அதனால்தான் இந்த வண்டி வந்ததில் எனக்கும் மகிழ்ச்சி. ஆனால் அது மானைப் பார்த்தது. என்னைப் பார்க்குமா?"

அதைச் சோதித்துப் பார்க்க, கீழே கிடந்த பனம்பழம் ஒன்றை மந்தி சாலையில் உருட்டிவிட்டது. ஏறக்குறைய ஆமை அளவு இருந்தது அது. ஓட்டுநர் இல்லாத அடுத்த கார் வந்தது. வேகம் குறையவே இல்லை. சதக்! பழம் கூழாகிப் போனது.

"அது பழம்தானே! உயிர் இல்லையே!" என்றது மந்தி.

"பயந்து ஓட்டுக்குள் ஒடுங்கிவிட்டால் நானும் அப்படித்தானே தெரிவேன்?" என்றது ஆமை.

நரி அந்தச் சிவந்த கூழையே பார்த்துக்கொண்டிருந்தது. அம்மா கிடந்ததும் இந்த வளைவில்தான்.

"மந்தியாரே, மரம் ஏறும்," என்றது மெல்ல.

மந்தி ஏறி இரு பக்கமும் பார்த்துக் குரல் கொடுத்தது. கலைமான் சாலை நடுவே போய் நின்றது. வந்த காரும் நின்றது. அதன் பிறகே ஆமை இறங்கியது. நான்கு பாய்ச்சலில் கடந்துவிடக்கூடிய நரி, அன்று ஆமையின் பக்கத்திலேயே அடிமேல் அடி வைத்து நடந்தது.

புதியது பழைய ஆபத்தைப் போக்கினாலும், அது கூட்டிவரும் புதிய ஆபத்தை எடைபோட்டுப் பார்க்காமல் காவலைக் கைவிடக் கூடாது.