பதிமூன்றாம் அத்தியாயம்

அங்கயற்கண்ணியிடம் சீடராக வந்த சவரிமுத்து, அவரைவிடப் பதினான்கு வயது மூத்தவர். ஒரு பள்ளியின் தலைமையாசிரியர். ஓராண்டு விடுப்பு எடுத்துக்கொண்டு, அங்கயற்கண்ணி போகும் ஊருக்கெல்லாம் கூடவே போனார்.

அங்கயற்கண்ணி பாடப்புத்தகம் இல்லாமல் வாசிக்கக் கற்றுக்கொடுப்பவர். பிள்ளை பேசுவதை அப்படியே தாளில் எழுதிக் கொடுப்பார். தன் பேச்சைத் தானே படித்துப் படித்து அந்தப் பிள்ளை எழுத்துப் பழகிவிடும். இதைப் பற்றி அவர் எழுதிய புத்தகம் நான்கு பதிப்புகள் கண்டிருந்தது. மாதத்தில் பாதி நாள் ஏதாவது ஒரு மேடையில் இருப்பார்.

விருதுநகரில் முந்நூறு ஆசிரியர்கள் முன்னால் அவர் பேசிக்கொண்டிருந்தபோது, பின்வரிசையில் ஒரு ஆசிரியை எழுந்தார். கையில் அந்தப் புத்தகம்.

"இதுல இருக்கிறபடியேதான் ஒரு வருஷமா செய்றேன், டீச்சர். என் வகுப்புல செல்லக்கிளின்னு ஒரு பொண்ணு. அஞ்சாவது படிக்குறா. ஒரு எழுத்துகூடத் தெரியலை. நான் எங்க தப்புப் பண்றேன்?"

கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள்.

"எந்த ஊரு நீங்க?" என்றார் அங்கயற்கண்ணி.

"ஆலடிப்பட்டி."

"திங்கக்கிழமை வர்றேன்."

சொன்னபடி போனார். செல்லக்கிளி தன் வீட்டு ஆட்டைப் பற்றிச் சொன்னாள். அங்கயற்கண்ணி எழுதிக்கொண்டார்: 'எங்க கருப்பி வேலி தாண்டப் போயி முள்ளுல மாட்டிக்கிருச்சு.'

மறுநாள் அந்தத் தாளைச் செல்லக்கிளி வாங்கி, ஒரு சொல் பிசகாமல் வாசித்தாள். ஆசிரியையால் நம்பவே முடியவில்லை.

தாளைத் தலைகீழாகப் பிடித்திருந்தாள்.

வகுப்பு சிரித்தது. செல்லக்கிளி தாளை மடியில் ஒளித்துக்கொண்டாள்.

அங்கயற்கண்ணி ஆறு வாரம் அந்த ஊரிலேயே தங்கினார். ஒப்புக்கொண்டிருந்த மூன்று கூட்டங்களுக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டார். எழுத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். மணலில் எழுத வைத்தார். உப்புத்தாளில் எழுத்தை வெட்டித் தடவச் சொன்னார். கடைசி நாளிலும் செல்லக்கிளிக்குக் 'க' எது, 'த' எது என்று பிடிபடவில்லை.

"நீங்களும் போயிருவீங்களா டீச்சர்?" என்றாள் செல்லக்கிளி.

"சனிக்கிழமை சனிக்கிழமை வருவேன்."

திரும்பும் பஸ்ஸிலேயே எழுதத் தொடங்கினார். ஐந்தாம் பதிப்பில் பதிமூன்றாவதாக ஓர் அத்தியாயம் சேர்ந்தது. செல்லக்கிளியின் பெயரை மட்டும் மாற்றியிருந்தார். முதல் வரி: 'இந்த முறையால் ஒரு பிள்ளைக்கு என்னால் வாசிக்கக் கற்றுக்கொடுக்க முடியவில்லை.' என்னென்ன செய்தார், எது எதில் தோற்றார் என்று நாள்வாரியாக எல்லாம் இருந்தது.

பதிப்பாளர் போன் செய்தார். "இதை மட்டும் எடுத்துடலாமே, மேடம்."

"எடுத்தா மொத்தப் புத்தகத்தையும் எடுத்துடுங்க."

புத்தகம் வந்தது. பேசக் கூப்பிட்டிருந்த இரண்டு ஊர்க்காரர்கள், பிறகு பார்க்கலாம் என்றார்கள்.

சவரிமுத்துவுக்குப் பொறுக்கவில்லை. அன்று சனிக்கிழமை. அங்கயற்கண்ணி ஆலடிப்பட்டிக்குப் புறப்பட, பையில் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"டீச்சர், ஆயிரம் பிள்ளைங்க உங்களால படிச்சிருக்கு. ஒண்ணு படிக்கலை. அதை நீங்களே அச்சடிச்சு ஊரெல்லாம் குடுத்தா, இனிமே உங்களை யாரு பேசக் கூப்பிடுவாங்க?"

அங்கயற்கண்ணி பையை மூடித் தோளில் மாட்டிக்கொண்டார்.

"செல்லக்கிளி மாதிரி ஒரு பிள்ளையை வச்சுக்கிட்டு, தப்பு தன் மேலதான்னு நினைச்சுக்கிட்டிருக்கிற டீச்சர் கூப்பிடுவாங்க, சார்."