ஒருத்தன் மிச்சம்

மொட்டப்பாறை என்று ஒரு ஊர். கைக்குழந்தைகளையும் சேர்த்து ரெண்டாயிரத்து ஐநூற்று இருபத்தோரு பேர். நல்ல மனுஷங்க. யோசிக்கத்தான் கொஞ்சம் நேரமாகும்.

பக்கத்து ஊர் மிராசுதாரர், பேரன் பிறந்த சந்தோஷத்தில் ஊர் மொத்தத்துக்கும் சாப்பாடு அனுப்பினார். கூடவே சொல்லியும் அனுப்பினார்: "எல்லா வரிசையிலும் ஒரே அளவு ஆள் உட்காரணும். ஒருத்தர்கூட விட்டுப்போகக் கூடாது. அப்புறம்தான் பரிமாறணும்."

ஊர்த்தலைவர் பொன்னுரங்கம் ரெண்டு வரிசை போடச் சொன்னார். எல்லாரும் உட்கார்ந்தார்கள். சடையாண்டி மட்டும் நின்றான். கூச்சக்காரன், மத்தவங்க உட்காரட்டும் என்று காத்திருப்பவன். காலையிலிருந்து பட்டினி வேறு.

மூணு வரிசை போட்டார்கள். சடையாண்டி மிச்சம். நாலு போட்டார்கள். அப்பவும் சடையாண்டி மிச்சம்.

"ஏண்டா, வேணும்னே பண்றியா?"

"இல்லீங்க தலைவரே. சும்மாதான் நிக்கிறேன்."

"அதான் தப்பு. நிக்கிறதாலதான் மிஞ்சுற. உட்காரு."

உட்கார்ந்தான். உட்கார்ந்தபடியே மிஞ்சினான்.

அஞ்சு, ஆறு, ஏழு என்று பத்து வரிசை வரைக்கும் போட்டுப் பார்த்தாயிற்று. ஒவ்வொரு தடவையும் ஒருத்தன்தான் மிச்சம். சாம்பாரில் ஆடை கட்டிவிட்டது.

சோற்று வண்டியோடு வந்திருந்த வெள்ளச்சி பொறுக்க முடியாமல், "அவரு எங்ககூட வாளி தூக்கட்டுமே. மத்தவங்க சரியா வந்துருவீங்க," என்றாள்.

"விட்டுப்போகக் கூடாதுன்னு உங்க மிராசுதானே தாயி சொன்னாரு?" என்றார் தலைவர்.

பதினோரு வரிசை போட்டபோது ரெண்டு பேர் மிஞ்சினார்கள். சடையாண்டிக்குக் கண் கலங்கியது. "துணைக்கு ஆளா வந்துட்டியேப்பா!" என்று கூட மிஞ்சிய கொளஞ்சியின் கையைப் பிடித்துக்கொண்டான்.

அந்தக் கொளஞ்சிதான் வழி சொன்னான். "எல்லாரும் ஒரே வரிசையா உட்கார்ந்துட்டா?"

ஏரிக்கரை நெடுக, தண்ணீரைப் பார்த்து, ஒரே வரிசையாக உட்கார்ந்தார்கள். யாரும் மிஞ்சவில்லை. சடையாண்டி முன்னாலும் ஒரு இலை விழுந்தது.

வெள்ளச்சி சோற்றுக் கூடையோடு குனிந்தாள். "பொறு தாயி," என்றார் தலைவர். "ஒரே அளவுன்னா, எதோட ஒரே அளவு? இன்னொரு வரிசை வேணுமே?"

ஊரே கவலையில் ஆழ்ந்தது. சடையாண்டி தலையைக் குனிந்தவன், தண்ணீரைப் பார்த்துக் கத்தினான். "தலைவரே, எதிர்வரிசை இந்தா இருக்கு!"

தலைவர் எட்டிப் பார்த்தார். ஆளுக்கு ஆள், கைக்குழந்தைக்குக் கைக்குழந்தை சரியாக இருந்தது. "ஆங், பரிமாறுங்க."

"நிறுத்துங்க!" சடையாண்டி குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. "ஊரெல்லாம் உட்கார்ந்திருக்க, ஒருத்தன மட்டும் விட்டுட்டா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். முதல்ல அவங்களுக்குப் போடுங்க."

நியாயம்தான் என்று ஊரே தலையாட்டியது. எதிர்வரிசையும் தலையாட்டியது. வெள்ளச்சி தடுக்கத் தடுக்க, கூடையையும் வாளியையும் பிடுங்கி, சோறு, சாம்பார், பாயசம் எல்லாவற்றையும் ஏரியில் கொட்டிப் பரிமாறினார்கள்.

தண்ணீர் தெளிந்ததும் குனிந்து பார்த்தார்கள். எதிர்வரிசையில் ஒவ்வொரு முகமும் வாடிக் கிடந்தது.

"பாவம், அவங்களுக்குப் பத்தல போலிருக்கு," என்று சொல்லி, சடையாண்டி தன்னுடைய வெறும் இலையையும் அவர்கள் பக்கம் தள்ளிவிட்டான்.